லோக்கல் கார்டியன்

அந்த ஒரு இடத்தை மட்டும் காலியா விட்டுட்டீங்களே தம்பி.

எட்டிப் பார்க்கிறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பஸ் குலுங்குது, உங்க மடியில ஃபாரம் விரிஞ்சு கிடக்குது, கண்ணு தானாப் போயிருச்சு. எனக்கு அது பழக்கம். மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தவன் நான். யாரு உள்ளே வர்றா, யாரு வெளியே போறா, எதுக்குப் போறா, எப்பத் திரும்புவா, அதைப் பார்க்கிறதுதான் என் உத்தியோகம். மில் ஹாஸ்டல்ல இருந்த அம்புட்டுப் பொண்ணுங்களுக்கும் கேட் பாஸ் என் கையாலதான். நான் ரிட்டையர் ஆயிட்டேன், கண்ணு இன்னும் ஆகலை.

லோக்கல் கார்டியன். அந்த இடம்தானே காலியா இருக்கு? வெளியூர்ப் பொண்ணு ஹாஸ்டல்ல தங்கணும்னா கோயமுத்தூர்லயே இருக்கிற பெரிய மனுஷர் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். அது ரூல். பொண்ணு ஞாயித்துக்கிழமை வெளியே போகணும்னாலும், டூர் போகணும்னாலும், காய்ச்சல்னு படுத்தாலும், வார்டன் முதல்ல அவரைத்தான் கூப்பிடும். நல்ல ரூல். தேனியில இருந்துக்கிட்டு நீங்க என்ன பண்ணமுடியும்? உங்களுக்கு கோயமுத்தூர்ல ஆள் இல்ல. அது முகத்துலயே தெரியுது. பழனி தாண்டுனதுல இருந்து அந்தக் காகிதத்தைத்தானே தடவிக்கிட்டு வர்றீங்க.

பாப்பா என்ன படிக்கப் போகுது? எம்.எஸ்சி.யா. கெமிஸ்ட்ரி. நல்லது. ராத்திரியில காட்டுக்குள்ள போற வேலை அதுல இல்லைல்ல? இல்ல, சும்மாதான் கேட்டேன்.

கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரிச்சாரே, கவனிச்சீங்களா? "என்னங்கய்யா, காலேஜ் தொறந்துட்டாங்களாட்ட"ன்னாரு. சும்மா ஒரு கிண்டல்தான். அட்மிஷன் சமயத்துல நான் ஒரு தடவையாவது இந்த பஸ்ல போய்ட்டு வருவேன். எனக்கும் சொந்த ஊர் சின்னமனூர்தான். ஊர்ல இப்ப யாரும் இல்ல. இருந்தாலும் ஒரு பழக்கம், போய்ட்டு வந்துர்றது. வர்றப்ப யாராவது நம்ம பக்கத்து ஆளு, இப்படிப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு, புதுப் பெட்டியும் பக்கெட்டுமா முழிச்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. ஒரு உதவி. அம்புட்டுத்தான்.

கொய்யா சாப்பிடுங்க. ஆயக்குடிக் கொய்யா. பாப்பா, நீயும் எடுத்துக்க. வேண்டாமா? காதுல அந்த வயரை மாட்டிக்கிட்டா நான் சொல்றது எங்கே கேட்கப்போகுது.

மொக்கராசும் இப்படித்தான் தம்பி உட்கார்ந்திருந்தாரு. இதே பஸ். உத்தமபாளையத்துப் பக்கம் வாழை போட்டிருக்காரு, தங்கமான மனுஷன். கூட அவர் பொண்ணு சிவரஞ்சனி. எம்.எஸ்சி. விலங்கியல். வாழைத்தோட்டத்தைத் தாண்டி எதையும் பார்க்காத புள்ள, கோயமுத்தூர்ல போய் ரெண்டு வருஷம் எப்படி இருக்கப்போகுதோன்னு மொக்கராசு திரும்பத் திரும்பப் புலம்புறாரு. நான்தான் சொன்னேன், கவலைப்படாதீங்க, நான் போடுறேன் கையெழுத்துன்னு. மனுஷன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாரு. "இனிமே நீங்கதான்ணே அவளுக்கு அப்பா"ன்னாரு. நான் அதை மறக்கலை. அவருதான் மறந்துட்டாரு.

முதல் மாசம் ரஞ்சனி எப்படி இருந்தான்னு நினைக்கிறீங்க? காந்திபுரத்துல பஸ் மாறி ஏறி மேட்டுப்பாளையம் ரோட்டுல போய் இறங்கிட்டு, எனக்கு போன் பண்ணி அழுவா. நான் வண்டியை எடுத்துக்கிட்டுப் போய்க் கூட்டிட்டு வருவேன். மெஸ் சாப்பாடு ஒத்துக்கலைன்னு அழுவா. ஞாயித்துக்கிழமை ஆனா என் வீட்டம்மா சரோஜா கறிக்குழம்பு வைக்கும், நான் தூக்குல ஊத்தி எடுத்துக்கிட்டுப் போயிருவேன். விசிட்டர் ரூம்ல என் முன்னாடி உட்கார்ந்து சாப்பிடணும். ரூமுக்கு எடுத்துட்டுப் போறேன்னா விடமாட்டேன். கூட இருக்கிறதுகளுக்குக் குடுத்துட்டு இது பட்டினி கிடக்கும். முதல்ல சார்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தா. நான்தான் பெரியப்பான்னு கூப்பிடச் சொன்னேன். உறவு சொல்லிக் கூப்பிட்டாத்தான் ஒரு கட்டுப்பாடு இருக்கும்.

எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா தம்பி. பெங்களூர்ல. பெரிய கம்பெனி. வேலை ஜாஸ்தி, போன் பண்ண நேரம் இருக்காது. ரெண்டு வருஷமா ரொம்ப வேலை.

அப்புறம் என்னாச்சுன்னா, ரஞ்சனிக்கு ஊர் பழகிருச்சு. இதை நல்லாக் கேட்டுக்கங்க. ஊர் பழகுற வரைக்கும் புள்ளைங்க நம்ம கைக்குள்ள இருக்கும். எந்த பஸ் எங்கே போகும், எந்தக் கடையில என்ன கிடைக்கும்னு தெரிஞ்சுருச்சுன்னா போன் வர்றது நின்னுரும். காலையில உக்கடம் குளத்துக்குப் பறவை பார்க்கப் போனேன்ங்கிறா. யார்கூடன்னா, கிளாஸ்மேட்ங்கிறா. பேச்சுல 'ஏனுங்க, சொல்லுங்க'ன்னு இந்த ஊர் இழுவை வேற வந்துருச்சு. சரி, இது சரிப்படாதுன்னு நான் டிபார்ட்மெண்டுக்கே போனேன். அவங்க மேடத்தைப் பார்த்து, இந்தப் புள்ளைக்கு எதுவா இருந்தாலும் முதல்ல எனக்குச் சொல்லிட்டுத்தான் செய்யணும்னேன். அந்தம்மா ஒரு மாதிரி பார்த்துச்சு. படிச்சவங்களுக்குப் பொறுப்பா ஒருத்தன் வந்து கேட்டா ஆகாது. கிளாஸ் பசங்க நாலு பேர் நம்பரையும் வாங்கி வச்சுக்கிட்டேன். வாரத்துல ஒரு தடவை பேசி விசாரிச்சுக்குவேன். நல்ல பசங்கதான், ஆனா போகப் போக போனை எடுக்கமாட்டானுங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை தூக்கைத் திறக்கவே இல்ல ரஞ்சனி. "நீங்க இனிமே வாராவாரம் வரவேண்டாம் பெரியப்பா"ன்னா. ஏம்மான்னேன். "எல்லாரும் கேட்கிறாங்க"ன்னா. என்ன கேட்கிறாங்கன்னா, தூக்கை என் பக்கமே தள்ளி வச்சா. அவளுக்கு ஒரு ஆள் இருக்கு, ஒழுங்கா விசாரிக்குதுன்னு மத்த புள்ளைங்களுக்குப் பொறாமை. வேற என்ன? நான் அடுத்த வாரத்துல இருந்து புதன்கிழமையும் சேர்த்துப் போக ஆரம்பிச்சேன்.

என்ன பாப்பா, அப்பாவைச் சுரண்டுற? தலை சுத்துதா? முன்னாடி சீட்டுக்கு மாறணுமா? வேண்டாம்மா, இன்ஜின் சூடு. இங்கேயே இரு. ஜன்னலைத் திறந்துக்க.

இப்ப வர்றதுதான் முக்கியம் தம்பி. ரெண்டாம் வருஷம் ப்ராஜெக்ட்னு ஒண்ணு பண்ணணும். ரஞ்சனி என்ன எடுத்திருக்கான்னு கேளுங்க. தவளை. வால்பாறைக் காட்டுல என்னென்ன தவளை இருக்கு, எது எங்கே கத்துதுன்னு எழுதணுமாம். அதுங்க ராத்திரியிலதான் கத்துமாம். அதனால மேடமும் பசங்களும் பொண்ணுங்களுமா பத்து நாள் அங்கேயே தங்கணும்னு வந்து நிக்கிறா. ஹாஸ்டல்ல விடணும்னா கார்டியன் கையெழுத்து வேணும். நான் முடியாதுன்னுட்டேன். எந்த அப்பன் போடுவான்? நீங்க போடுவீங்களா? பாருங்க, உங்களுக்கே தலை ஆடுது.

அவ கெஞ்சினா. இல்லைன்னு சொல்லலை. இதுக்காகத்தான் இந்த காலேஜுக்கே வந்தேன், இதைப் பண்ணினா மேடம் பிஎச்.டி.க்கு எடுத்துக்குவாங்க, இது போச்சுன்னா எல்லாம் போச்சு பெரியப்பான்னா. நான் மொக்கராசுக்கு போன் போட்டேன். அவர் பயந்துட்டாரு. அண்ணன் சொல்றபடி கேளும்மான்னு பொண்ணுகிட்டச் சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் அவ பேச்சை எடுக்கலை. சொன்னா கேட்டுக்கிற புள்ளைன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அடுத்த புதன்கிழமை தூக்கை எடுத்துக்கிட்டு ஹாஸ்டலுக்குப் போறேன். வார்டனம்மா என்னைப் பார்த்து முழிக்குது. "ஏனுங்க, நீங்கதானுங்களே வால்பாறைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க"ன்னுது. காட்டுங்கன்னேன். காட்டுச்சு. என் கையெழுத்து. என்னை மாதிரியே போட்டிருக்கா. ஆனா கடைசியில நான் ஒரு சுழி சுழிப்பேன், மில்லுல பழகுனது, யாரும் கேட் பாஸைத் திருட்டுத்தனமா எழுதிரக் கூடாதுன்னு. அந்தச் சுழி இல்ல. விசிட்டர் நோட்டுல நான் போடுறதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கா, சுழியை மட்டும் பார்க்கலை.

நான் வீட்டுக்கே போகலை. தூக்கோட பொள்ளாச்சி பஸ் ஏறிட்டேன். இதோ, உடுமலை தாண்டியாச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல பொள்ளாச்சி வந்துரும், அங்கேருந்துதான் வால்பாறை ரோடு பிரியுது. மலை ஏறி விசாரிச்சு, எஸ்டேட் லைன் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பழைய பங்களா, அங்கே போய்ச் சேர்ந்தப்ப சாயங்காலம் ஆயிருச்சு. பின்னாடி ஒரு ஓடை. எல்லாம் அங்கேதான் நின்னுக்கிட்டு இருந்துச்சுங்க. ரஞ்சனி முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு தண்ணிக்குள்ள நிக்கிறா. கையைப் பொத்தி வச்சிருக்கா, உள்ளே எதையோ பிடிச்சிருக்கா போல. சுத்தி நின்னு எல்லாரும் எட்டிப் பார்க்க, அவ சிரிக்கிறா. நல்லா வாய் விட்டு. ஒண்ணரை வருஷத்துல அவ சிரிச்சு நான் பார்த்தது அன்னிக்கு ஒரு நாள்தான். அந்த மாதிரி சிரிப்பை என் பொண்ணுகிட்டக்கூடப் பார்த்ததில்ல.

நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவ திரும்பினா. கையைத் திறந்தா, அது குதிச்சுப் போயிருச்சு.

சத்தமெல்லாம் போடலை தம்பி, நான் அந்த மாதிரி ஆள் இல்ல. அந்த மேடம்கிட்ட நிதானமா எடுத்துச் சொன்னேன். உங்க ஸ்டூடண்ட் பொய்க் கையெழுத்துப் போட்டு வந்திருக்கா, போலீசுக்குப் போகணுமா, இல்ல நானே கூட்டிட்டுப் போகட்டுமான்னேன். எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ரஞ்சனி அந்த பூட்ஸைக் கழட்டி ஓடைக்கரையில ஜோடியா வச்சுட்டு வந்தா. நாப்பது கொண்டை ஊசி வளைவும் இறங்குறோம், ஒரு வார்த்தை பேசலை. மலைப்பாதையில வாயைத் திறந்தா வாந்தி வரும்னு இருந்திருப்பா. ஆழியாறுகிட்ட வந்தப்ப ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தா. "எங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க சார்"னா. மறுபடியும் சார். எனக்கு அதுதான் மனசைக் குத்துச்சு.

சொல்லாம எப்படி இருக்கமுடியும்? வார்டனுக்கும் எழுதிக் குடுத்தேன். கடமை. விசாரணை வச்சாங்க, ஹாஸ்டலை விட்டு நிறுத்திட்டாங்க, ப்ராஜெக்டும் போச்சு. மொக்கராசு ஓடி வந்தாரு. பொண்ணை ஊருக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன்னு நின்னாரு. நான்தான் தடுத்தேன். படிப்பு பாழாயிரும், என் வீட்டுல இருக்கட்டும், நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வர்றேன்னேன். இவ்வளவு நடந்ததுக்கு அப்புறமும் அப்படிச் சொல்ல யாருக்கு மனசு வரும், சொல்லுங்க.

என் பொண்ணு ரூமைக் குடுத்தேன். ஒரு குறை வைக்கலை. காலையில வண்டியில கூட்டிட்டுப் போவேன், கிளாஸ் முடியற வரைக்கும் டிபார்ட்மெண்ட் வாசல்லயே உட்கார்ந்திருப்பேன், கூட்டிட்டு வருவேன். போனை நானே வச்சுக்கிட்டேன். அவளும் நல்லா அடங்கிட்டா. கேட்டதுக்கு ஆமா, இல்ல, அம்புட்டுத்தான். சாப்பாடுதான் கொஞ்சம் குறைஞ்சு போச்சு. வந்ததும் ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்குவா. புள்ள மனசு சரியில்லாத நேரம், உள்ளே என்னத்தையாவது பண்ணிக்கிட்டா? நாளைக்கு மொக்கராசுக்கு யாரு பதில் சொல்றது? அதனால உள்தாழ்ப்பாளைக் கழட்டிட்டேன்.

என்ன தம்பி, அப்படிப் பார்க்கிறீங்க? ஆமா, கேட்கிறதுக்கு ஒரு மாதிரிதான் இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல. சரோஜாவும் அன்னிக்கு உங்களை மாதிரிதான் பார்த்துச்சு. "திரும்ப மாட்டிருங்க"ன்னு மட்டும் ஒரு தடவை சொல்லிச்சு. அந்தத் தாழ்ப்பாள் முதல்லயும் ஒரு தடவை கழட்டினதுதான், எங்க பொண்ணு இருந்தப்ப. ஸ்க்ரூ ஓட்டை பெருசாயிருச்சு, திரும்ப மாட்டினாலும் நிக்காதுன்னு நான் சொல்லிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில நான் கறி எடுக்கப் போனேன். கேட்டைப் பூட்டி சாவியைச் சரோஜாகிட்டக் குடுத்துட்டுத்தான் போனேன். திரும்பி வந்தா கேட் திறந்து கிடக்குது, ரூம்ல ரஞ்சனி இல்ல, பெட்டியும் இல்ல. சரோஜாவைக் கேட்டேன். "நான் குளிச்சிக்கிட்டு இருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னுச்சு. போய்ப் பார்க்கிறேன், பாத்ரூம் தரை காஞ்சு கிடக்குது. வயசாயிருச்சு பாருங்க, அதுக்கு ஞாபகம் தப்புது. குளிச்சோமா இல்லையான்னே தெரியலை. சரோஜா இப்ப திருப்பூர்ல அது தங்கச்சி வீட்டுல இருக்கு, முட்டி வலிக்கு அங்கே நல்ல வைத்தியமாம். ஒரு வருஷமா வைத்தியம் நடக்குது. நான் போனா, தூங்குறாங்கன்னு தங்கச்சி வாசல்லயே சொல்லிரும்.

பொள்ளாச்சி வந்துருச்சு. டீ குடிக்கிறீங்களா? பஸ் பத்து நிமிஷம் நிக்கும். பாப்பா எங்கே எந்திரிக்குது? பாத்ரூமா? தம்பி, நீங்க கூடப் போங்க. தனியா விடாதீங்க. பெட்டியை நான் பார்த்துக்கிறேன்.

...

வந்துட்டீங்களா. என்ன, பாப்பா முகம் சிவந்து கிடக்குது? அழுதுச்சா? ஊரை விட்டு வர்ற புள்ள, அழத்தான் செய்யும். உங்ககிட்ட ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சே. வேற யாரையாவது கேட்கலாம்னுச்சா? நான் தப்பா நினைக்க மாட்டேன். கேட்டுப் பாருங்க. ஆனா கோயமுத்தூர்ல இறங்கி, இன்னிக்கே ஃபாரம் குடுக்கணும், யாரைன்னு போய்க் கேட்பீங்க?

நேத்து நான் எங்கே போனேன்னு கேட்கலையே. மொக்கராசு வீட்டுக்குத்தான். ஒரு வருஷமா அவர் போனை எடுக்கலை. சரி, நேர்லயே பார்த்துட்டு வந்துருவோம், புள்ள என்ன ஆனான்னு தெரியணும்லன்னு போனேன். கதவைத் திறந்தவரு என்னைப் பார்த்ததும் பாதிக் கதவைச் சாத்திக்கிட்டு நின்னாரு. உள்ளே வாங்கன்னு சொல்லலை, ஒரு சொம்பு தண்ணி குடுக்கலை. ரஞ்சனி எங்கேன்னு கேட்டேன். "அவ இருக்கிற இடம் உங்களுக்குத் தெரியவேண்டாம்ணே. எனக்கே அவ சொல்லலை. உங்ககிட்டச் சொல்லிருவேன்னு சொல்லலை"ன்னாரு. சொல்லும்போது மனுஷனுக்கு வாய் குழறுது, கண்ணுல தண்ணி. பொண்ணு கெட்டுப்போன துக்கம். எனக்கே பாவமாப் போச்சு. தேறுதல் சொல்லலாம்னு பார்த்தேன், கதவைச் சாத்திட்டாரு.

என்ன பாப்பா? வயரைக் கழட்டிட்டியா. இவ்வளவு நேரமும் கேட்டுக்கிட்டுத்தான் வந்தியா? கேளு, கேளு, தைரியமாக் கேளு.

அந்த அக்கா இப்ப எங்கே இருக்காங்களா? அதைத்தான்மா நானும் தேடிக்கிட்டு இருக்கேன்.

கிணத்துக்கடவு தாண்டியாச்சு தம்பி. இன்னும் யோசிச்சுக்கிட்டே இருந்தா உக்கடம் வந்துரும். நான் வற்புறுத்தலை. இறங்கி என் வழியில நான் போயிருவேன். ஆனா பாருங்க, உங்க பொண்ணு நேரமா வருதா, லேட்டா வருதா, யார்கூடப் பேசுது, எங்கே நிக்குது, இதையெல்லாம் பார்க்கிறதுக்கு அந்த ஊர்ல ஒரு ஜோடிக் கண்ணு வேண்டாமா? அங்கே ஒரு ரஞ்சனியா இருக்கும்? ஆயிரம் ரஞ்சனி இருக்கும். உங்க பொண்ணும் அப்படி ஆயிரக் கூடாதுன்னுதானே உங்களுக்கும் இருக்கு. அதானே. எனக்குத் தெரியும். நீங்க மொக்கராசைவிட விவரமான ஆளு.

ஆங். குடுங்க. மடிச்சிராதீங்க, அப்படியே குடுங்க. பேனா என்கிட்ட இருக்கு. ஒரு நிமிஷம், பஸ் குலுங்குது, மேடு தாண்டட்டும்.

அப்பா கையைப் பிடிக்காத பாப்பா, காகிதம் கிழிஞ்சுரும். விடு. அவர் குடுத்துட்டாருல்ல. சார் இல்லம்மா, பெரியப்பான்னு கூப்பிடு.

எங்க வீடு காலேஜுக்குப் பக்கத்துலதான். ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு.

இந்தா, இங்கே பாரு பாப்பா. இதுதான் என் கையெழுத்து. கடைசியில ஒரு சுழி வருது பார்த்தியா? நல்லாப் பார்த்து வச்சுக்க. இனிமே நீ கேட்டைத் தாண்டணும்னா இது வேணும்.